வரச் சொன்னவர்

போன வாரம் என் மகளின் பள்ளியில் பெற்றோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து ஒருவர் பேசினார். கோட்டு போட்டிருந்தார், காதோரம் சின்ன மைக். குழந்தைகளே, யாருக்காகவும் காத்திருக்காதீர்கள், தலைமை தாங்க வாருங்கள், கதவைத் தட்டுங்கள் என்றார். குழந்தைகள் எழுந்து நின்று கையை உயர்த்தி 'என்னால் முடியும்' என்று கத்தியதில் கூடத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. தாய்மார்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் வகுப்பாசிரியை என்ன நினைப்பாரோ என்ற பயம். வீட்டுக்கு வந்ததும், "எந்தக் கதவும்மா தட்டணும்?" என்று கேட்ட ஏழு வயதுப் பிள்ளையிடம் எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

அவளிடம் கோபப்பட்டது தப்புதான். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் அவள்மேல் இல்லை. அந்த மைக் பேச்சாளர்மேலும் முழுதாக இல்லை. இது பழைய கோபம். 1991-இல் ஆரம்பித்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். இன்று அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்ட எனக்குப் பயமாக இருக்கிறது. அன்று ஏரிக்கரையைத் தாண்டினால் இருந்தது ஒரே ஒரு கம்பெனி. இயந்திரங்களுக்கு வேண்டிய இரும்புப் பாகங்கள் செய்தார்கள். அப்பா அதில் டெம்பரரி. எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் 'பர்மனென்ட் ஆகட்டும்' என்றுதான் முடியும். கூரை மாற்றுவது பர்மனென்ட் ஆன பிறகு. அம்மா கண்ணுக்கு வைத்தியம் பார்ப்பது பர்மனென்ட் ஆன பிறகு. என்னை ஆறாம் வகுப்புக்கு ஸ்ரீபெரும்புதூருக்கு அனுப்புவதும் அதற்குப் பிறகுதான். பொங்கல் மாதிரி அதுவும் ஒரு நாள் தானாக வரும் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த வருடக் குடியரசு தினத்துக்குக் கம்பெனி மேனேஜரை எங்கள் பள்ளிக்கு அழைத்திருந்தார்கள். கொடியேற்றிவிட்டு நெடுநேரம் பேசினார். நல்ல குரல். இந்தக் கிராமத்தில் எத்தனை திறமைகள் மறைந்து கிடக்கின்றனவோ என்று வருத்தப்பட்டார். யாராவது கைப்பிடித்து அழைத்துப்போவார்கள் என்று நிற்காதீர்கள், நீங்களே முன்னால் நடங்கள், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நடங்கள் என்றார். கடைசியாக, "என் கம்பெனிக் கதவு உங்களுக்காக எப்பவும் திறந்திருக்கும். திறமை உள்ளவங்க யார் வேணும்னாலும் வரலாம்" என்றார். ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். மற்றவர்கள் மிட்டாயோடு பேச்சையும் மறந்துவிட்டார்கள். எனக்கு அந்த வயதில் ஒரு நோய் இருந்தது. பெரியவர்கள் சொன்னால் அப்படியே நம்பிவிடுவேன்.

என்னிடம் ஒரு கிரேன் இருந்தது. கம்பெனிக்கு இரண்டாவது கூடம் கட்டும்போது வந்த கிரேனைப் பார்த்துப் பார்த்து, அட்டைப்பெட்டியும் குடைக்கம்பியும் நூல்கட்டையும் வைத்து நானே செய்தது. பிடியைச் சுற்றினால் ஒரு முழுச் செங்கல்லைத் தூக்கும். பாதியில் விட்டால் அப்படியே நிற்கும், கீழே விழாது. அதற்காகப் பல்சக்கரம் போல ஒன்றை ரப்பர் செருப்பில் வெட்டியிருந்தேன். இதைத்தான் மேனேஜர் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் சொன்னபடியே ஆட்களும் சேர்த்தேன். தலைகீழாகக் கையால் நடக்கும் ஒருவன், நன்றாகப் படம் வரையும் ஒருவன், எந்த வாய்ப்பாட்டையும் மூச்சுவிடாமல் சொல்லும் பக்கத்து வீட்டுப் பெண்.

இதற்கு முந்தின வாரம்தான் டெம்பரரி ஆட்கள் சிலர் கம்பெனி கேட்டின் முன்னால் உட்கார்ந்து, எங்களை பர்மனென்ட் ஆக்குங்கள் என்று கேட்டிருந்தார்கள். மறுநாளே அவர்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் அதைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். உட்கார்ந்ததற்கா நிறுத்துவார்கள், எங்கள் பள்ளியில் உட்காராவிட்டால்தானே அடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டதோடு சரி.

சனிக்கிழமை பள்ளி அரை நாள். முதல் ஷிப்ட் விடும் நேரத்துக்கு நாங்கள் கேட்டின் முன்னால் வரிசையாக நின்றோம். நான் முதலில், கிரேனோடு. வரைகிறவன் பெரிய அட்டையில் கம்பெனியை வரைந்து கொண்டுவந்து தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான். புகைபோக்கியிலிருந்து வரும் புகைக்குக் கரித்துண்டை முழுதாகத் தேய்த்திருந்தான்.

செக்யூரிட்டிக்காரர் பக்கத்து ஊர் ஆள். எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா வோணும்?"

"மேனேஜர் சார் வரச் சொன்னாரு."

"உன்னையா? வெத்தல பாக்கு வெச்சி அழைச்சாரா?"

"கதவு எப்பவும் தொறந்து இருக்கும்னு சொன்னாரே."

"தொறந்துதான் கீது. லாரிக்கு."

அவர் அதோடு எங்களை விரட்டியிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஷிப்ட் சங்கு ஊதியது. ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் கேட்டில் இரண்டு கையையும் தூக்கி நிற்க வேண்டும். இரும்பு ஏதும் எடுத்துப்போகிறார்களா என்று இடுப்பையும் காலையும் தடவிப் பார்ப்பார்கள், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். அப்பா தினமும் இப்படி நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

மேனேஜரின் வெள்ளைக் கார் உள்ளேயிருந்து வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார். நான் ஓடிப்போய்க் கிரேனைத் தூக்கிக் காட்டினேன். "சார், நீங்க வரச் சொன்னீங்களே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கரும்புகை வரைந்த அட்டையைத்தான் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "குழந்தைங்களை விட்டுப் பார்க்கிறாங்களா இப்போ? யார் வீட்டுப் பசங்கன்னு விசாரி. அப்பன் யாரா இருந்தாலும் திங்கக்கிழமை உள்ள வரக் கூடாது" என்றார். கொடியேற்றியபோது இருந்த அதே நல்ல குரல். கண்ணாடி ஏறிக்கொண்டது. ஆனால் கார் நகரவில்லை.

சூப்பர்வைசர் கிரேனை என் கையிலிருந்து பிடுங்கி, உள்ளே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்துவிட்டு ஓரமாக வீசினார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். கையைத் தூக்கியபடி முன்னால் நின்றவர் அப்பா.

"நீ இந்தப் பக்கத்து ஆளுதானே? யாரு பொண்ணு இது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் பற்களெல்லாம் தெரியச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்பா வந்துவிட்டார், இனி எல்லாம் சரியாகிவிடும்.

"தெர்ல சார். எங்க ஊரு பொண்ணு இல்ல."

பக்கத்து வீட்டுப் பெண் என் காதருகே, "டீ, உங்கப்பாடீ" என்றாள். அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து அடக்கினேன். எதையும் புரிந்துகொண்டு செய்ததல்ல அது. அவமானம். என்னைத் தெரியாது என்று சொல்லும் ஒருவரை அப்பா என்று நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. சூப்பர்வைசர், வெளியூர்ப் பசங்க சார் என்று கார்ப் பக்கம் திரும்பினார். அப்பா கைகளை இறக்கினார், பாத்திரத்தை மூடினார், சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு எதிர்த்திசையில் போனார்.

வீட்டில் அம்மா வெளுத்து வாங்கினாள். "அந்த மனுசன் சோத்துல மண்ண அள்ளிப் போடப் பாத்தியேடி" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். இருட்டிய பிறகு வந்த அப்பா, "வுடு அவள" என்று மட்டும் சொன்னார். வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தட்டை எடுத்துப்போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சரி, இவருக்கு என்னைத் தெரியாது என்றால் எனக்கும் இவரைத் தெரியாது என்று முடிவு செய்தேன். அவர் டீக்கடையில் வாங்கிவந்த பொறையைத் தொடவில்லை. அவர் சைக்கிளில் ஏறவில்லை. பிள்ளைகளின் கோபம் ஒரு வாரத்தில் போய்விடும் என்று இன்று மற்ற தாய்மார்கள் சொல்லும்போது நான் வாயைத் திறப்பதில்லை. எனக்கு ஆண்டு விழா வந்தும் போகவில்லை.

ஆண்டு விழாவுக்கும் அதே மேனேஜர்தான் தலைமை. பேச்சுப் போட்டிக்குத் தலைமையாசிரியர் கொடுத்த தலைப்பு 'சாதிக்கப் பிறந்தோம்'. டீச்சர் எழுதிக்கொடுத்ததை நான் கோபத்தோடு சொன்னேன், அதனால் முதல் பரிசு கிடைத்தது. கோபத்துக்கும் எழுச்சிக்கும் வித்தியாசம் மேடையில் தெரிவதில்லை. அம்மா பெண்கள் பக்கம் முன் பாயில் உட்கார்ந்திருந்தாள். அப்பா வரவில்லை. அவருக்கு என்மேல் அக்கறை இருந்தால்தானே வருவார் என்று மேடையில் நின்றபடி நினைத்துக்கொண்டேன்.

மேனேஜருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பரிசுக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, என் தோளில் கைவைத்து மைக்கில் கேட்டார். "உங்க அப்பா என்னம்மா பண்றார்?"

நான் யோசிக்கவே இல்லை. அல்லது பல நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

"எனக்கு அப்பா இல்ல சார்."

தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மேனேஜர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். பாயில் இருந்த பெண்கள் எல்லாரும் அம்மாவின் நெற்றியைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துத் தாலியைப் பொத்திக்கொண்டாள். மேனேஜருக்குக் குரல் தழுதழுத்தது. பாருங்கள், தகப்பன் துணையில்லாத பெண், யாரையும் எதிர்பார்க்காமல் முன்னால் வந்து நிற்கிறாள், தகப்பன் இருந்தும் உட்கார்ந்திருக்கிற நீங்கள் எல்லாம் என்ன சாதித்தீர்கள் என்று என்னை வைத்தே பேச ஆரம்பித்துவிட்டார். ஊரே கைதட்டியது. அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. திங்கள்கிழமை உள்ளே வரக் கூடாது என்று அவர் சொன்ன அந்த அப்பன் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு பொய் சொல்லியிருக்காவிட்டால், நான் அந்த மேடைவரை வந்திருப்பேனா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த மாதமே அப்பாவை பர்மனென்ட் ஆக்கினார்கள். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

விழா முடிந்து வெளியே வந்தேன். பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம், குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்த புளியமரத்தடியில் அப்பா சைக்கிளோடு நின்றிருந்தார். முழுக்கக் கேட்டிருக்கிறார். இனி அடிதான் என்று தெரிந்தது. அடிக்கட்டும், அப்போதாவது வலித்தது என்று ஒப்புக்கொள்வார் என்று நினைத்து நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

அவர் என்னைத் தூக்கி முன்பாரில் உட்கார வைத்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. "நல்லா சொன்னம்மா. அந்தாளு கேட்டா என்னச் சொல்லிடாதன்னு நானே உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். பெத்த பொண்ணுகிட்ட இத எப்படிக் கேக்கறதுன்னு தெர்ல" என்றார். பின்னால் வந்த அம்மா ஏதோ கத்த ஆரம்பித்தபோது, "ஒண்ணும் சொல்லாத. என் பொண்ணு என்னக் காட்டிக் குடுக்கல" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் சொன்னது அவருக்கு உறைக்கவே இல்லை என்று நினைத்தேன். ஏரிக்கரை மேட்டில் அவர் நின்றுகொண்டு மிதித்தார். அவர் தாடை என் தலையில் இடித்துக்கொண்டே வந்தது. கிண்ணத்தை மடியில் இறுக்கிக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை, அடுத்து என்ன சொன்னால் இந்த மனிதருக்கு வலிக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.