கண்டக்டரின் பையைப் பிடித்து இழுத்தவள்

வீட்டில் என் மகளின் வாய் ஓயாது. வெளியே போனால் அவள் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். எல்.கே.ஜி. சேர்ந்து மாதக்கணக்கான பிறகும் மிஸ் கேட்டால் தலையைத்தான் ஆட்டுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நானும் சின்ன வயதில் அப்படித்தான், சரியாகிவிடும் என்று மனைவியிடம் சொன்னேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் கவலைதான்.

அந்தச் சமயத்தில் அவளுடைய பாடப் புத்தகத்தில் ஆற்றுப் படம் ஒன்று வந்தது. அவள் பார்த்த ஆறு வறண்டு கிடக்கும் நொய்யல் மட்டும்தான்.

"ஆத்துல நெசமாலுமே தண்ணி ஓடுமாப்பா?" என்று கேட்டாள்.

காவிரியைக் காட்டிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கொடுமுடிக்குக் கிளம்பினோம். சிங்காநல்லூரில் கரூர் பஸ் ஏறி, வெள்ளகோவிலில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பஸ் என்றாலே மனைவிக்கு வாந்தி வரும். மாத்திரை போட்டுக்கொண்டு பல்லடம் வருவதற்குள் தூங்கிப்போனாள். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

காங்கேயத்தில் வண்டி நின்றது. தண்ணீர் பாட்டில் காலியாகியிருந்தது. "அம்மாவை எழுப்பாத கண்ணு, இதா வாரேன்" என்று சொல்லி இறங்கினேன். கடையில் கூட்டம். பாட்டிலை வாங்கித் திரும்பினால், பஸ் நிலையத்தின் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது எங்கள் வண்டி. கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றது. அதை எடுக்கத் திரும்பினால் பஸ் போய்விடும், விட்டுவிட்டு ஓடினேன்.

வண்டிக்குள் நடந்ததைப் பின்சீட்டு அம்மா ஒருவர் பிறகு சொன்னார். மகள் முதலில் தன் அம்மாவை உலுக்கியிருக்கிறாள். அம்மா கண் திறக்கவில்லை. சீட்டிலிருந்து இறங்கி, கம்பி கம்பியாகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறாள். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரை மெல்லக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் காதில் விழவில்லை. உடனே அவருடைய தோல்பையைப் பிடித்து ஒரே இழுப்பு.

"ஏனுங்க, வண்டிய நிறுத்துங்க. எங்கப்பா இன்னும் ஏறலீங்க."

வண்டி முழுவதற்கும் கேட்டதாம். விசில் சத்தம் எனக்கே கேட்டது. வண்டி ஓரங்கட்டி நின்றது.

ஒற்றைச் செருப்போடு மூச்சுவாங்க ஏறினேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சொல்லிப்போட்டு எறங்க வேண்டாமுங்களா? இந்தச் சின்ன அம்மணி மட்டும் சொல்லலீன்னா உங்கள உட்டுப்போட்டுத்தான் போயிருப்போமுங்க."

நான் அசடு வழிந்தேன். வண்டியே சிரித்தது. மகள் அவர் பையை இன்னும் விடவில்லை. தூக்கிக்கொண்டேன். அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் பயமே இல்லை. பின்சீட்டு அம்மா அவள் கையில் ஒரு கடலை மிட்டாயை வைத்தார். சத்தம் கேட்டு விழித்த மனைவி, "என்னங்க ஆச்சு?" என்றாள். அந்தக் கதையைச் சொல்ல எனக்கு முன்னால் நாலு பேர் தயாராக இருந்தார்கள்.

வெள்ளகோவிலில் முதல் வேலையாகச் செருப்பு வாங்கினோம். கொடுமுடியில் சாமி கும்பிட்டுவிட்டுப் படித்துறைக்குப் போனபோது, கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது காவிரி. மகள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் தானாகவே போனாள்.

"ஏனுங்க, இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுதுங்க?"

"கடலுக்குப் போகுது அம்மணி."

"அங்க போயி என்னங்க பண்ணும்?"

அந்தப் பெண் துவைப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மனைவியின் கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். அப்புறம் மூவரும் துணி நனைய நனைய ஆற்றில் கிடந்தோம். வெயில் தாழும்வரை அவள் கரையேறவே இல்லை.

மறுநாள் நான் வேலை பார்க்கும் மோட்டார் பட்டறையில் எல்லோரிடமும் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டின்போது கூட்டாளி ஒருவர், "ஏனுங்க, இதையத்தான் காலையிலயே சொல்லிப்போட்டீங்களே" என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இன்னும் தெரியாது என்று சொல்லி, சிங்காநல்லூரில் பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பித்தேன்.