கமராவைப் பார்த்தவள்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். குமுதினி பொய் சொல்லுகிற ஆள் இல்லை. யாராவது பேய், பிசாசு என்று தொடங்கினாலே எழுந்து தேநீர் போடப் போய்விடுகிறவள். அவளுக்குத்தான் இது நடந்தது. பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், பட்டப்பகலில்.

பழைய படங்களைப் பழுதுபார்க்கும் சிறிய கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. கூட வேலை செய்யும் லக்சிகா படச்சுருளை ஸ்கான் செய்து கொடுப்பாள். குமுதினி கணினியின் முன் உட்கார்ந்து தூசி, கீறல், பூஞ்சணம் எல்லாவற்றையும் படம் படமாகத் துடைப்பாள். அந்தத் தொழிலில் ஒரே ஒரு கட்டளைதான். சுருளில் பிறகு படிந்த அழுக்கைத் துடைக்கலாம். கமராவுக்கு முன்னால் நின்ற எதிலும் கைவைக்கக் கூடாது.

அந்த மாதம் வந்தது நூறு வருடப் பழைய ஊமைப்படம். ஆர்மீனியர்களைக் கூட்டம் கூட்டமாகப் பாலைவனத்துக்கு நடத்திக் கொன்ற கதை. கூட்டத்தில் நின்ற பெண்களில் பலர் நடிகைகள் இல்லை, அந்தக் கொலைக்குத் தப்பி வந்தவர்கள். பட்டதையே திரும்பவும் நடிக்கச் சொல்லி நிறுத்தியிருந்தார்கள். என்ன மனசோ!

கேள்விப்பட்டுக் கொலோனிலிருந்து அன்னா என்ற ஆர்மீனிய மூதாட்டி நேரே வந்துவிட்டார்.

“என் பெரியம்மா இந்தப் படத்தில் இருக்கிறார். வழியில் பிரிந்துபோன தங்கையை, அதாவது என் அம்மாவை, தேடிக்கொண்டிருந்தார். பிரான்சில், மார்செய் நகரத்தில் ஒரு கொட்டகையில் அம்மா இதைப் பார்த்துவிட்டு ‘அக்கா!’ என்று கத்தினாராம். அப்படித்தான் இருவரும் சேர்ந்தார்கள். அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்ததும் பெரியம்மாதான். வெள்ளிக்கிழமை காட்சிக்குக் கட்டாயம் வருவேன்.”

எந்தக் காட்சி, எந்த முகம் என்று குமுதினி கேட்கவில்லை. வேலை தலைக்கு மேல் கிடந்தது. கேட்காத அந்தக் கேள்விக்காக இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

செவ்வாய்க்கிழமை முற்பகல், திரைச்சீலை மூடிய அறை. சுவரோரம் பெண்கள் நிற்கும் காட்சி. சொல்லிக்கொடுத்தபடி எல்லாரும் குனிந்து அழுகிறார்கள். ஒருத்தி மட்டும் அழவில்லை. பதினாறு வயது இருக்கும். வடிவான பெட்டை என்று லக்சிகா காலையில் காட்டியவள். கமராவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பார்வை குமுதினிக்குத் தெரியும். போர் முடிந்து சனங்களை அடைத்துவைத்த செட்டிகுளம் முகாமில், பத்து வயதில், சோற்று வரிசையில் நின்ற அவளையும் ஒரு வெளிநாட்டுக் கமரா அப்படித்தான் பிடித்தது. அந்த வீடியோ இன்னமும் இணையத்தில் ஓடுகிறது. யாராவது அதை அழித்துவிட மாட்டார்களா என்று அவள் ஏங்காத நாளில்லை.

இவளையாவது விட்டுவிடுவோம் என்று நினைத்தாள். பக்கத்துச் சுவரை நகலெடுத்து, அந்தப் பெண்ணின் மேல் படம் படமாகப் பூசினாள். இரக்கம்தான். ஆனால் யாரையும் கேட்காத இரக்கம்.

முடித்துவிட்டு ஓடவிட்டாள். சுவர் சுத்தமாக இருந்தது. ஆனால்... குனிந்து அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தலையைத் திருப்பி, அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள்.

முதலிலும் இப்படிப் பார்த்தாளா? நினைவில்லை. திரும்ப ஓடவிட்டாள்.

இப்போது மூன்று பேர் பார்த்தார்கள்.

மறுபடியும் ஓடவிட்டாள்... எல்லாரும். அழுகையை நிறுத்திவிட்டு அந்த இடத்தையே பார்த்தார்கள்.

ஸ்பீக்கரில் சத்தம். ஹ்ம்ம்... ஹ்ம்ம்... யாரோ ஓடி வந்து மூச்சு வாங்குவதுபோல. ஊமைப்படத்துக்கு ஏது ஒலி? எட்டிப் பார்த்தாள். வயர் கழன்று கிடந்தது.

பிறகு ஒரு சிறுமியின் குரல். ஒரே ஒரு சொல். மொழி தெரியவில்லை. ஆனால் அக்காவைத் தொலைத்த பிள்ளை எந்த மொழியில் கூப்பிட்டாலும் விளங்கும்.

திரையில் பெண்கள் மெல்லத் திரும்பினார்கள்.

குமுதினியை நோக்கி.

அழித்ததை மீட்கும் பொத்தானை அடித்தாள். சுவர். திரும்பவும் அடித்தாள்.

சுவர்...

“லக்சிகா! ஓடி வா!”

லக்சிகா வந்து விளக்கைப் போட்டாள். திரையில் பெண்கள் பழையபடி குனிந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

“முதல் ஸ்கானைத் திற. அந்தப் பெட்டை... கமராவைப் பார்த்துக்கொண்டு நிண்டவள்...”

“எந்தப் பெட்டை அக்கா?”

“நீதானே காட்டினனீ, வடிவான பெட்டை எண்டு!”

“நானோ? அங்க ஒருத்தரும் நிக்கேல்லையே. களைச்சுப் போனியள். வீட்ட போங்கோ அக்கா.”

முதல் ஸ்கானிலும் சுவர்தான் இருந்தது. மூலச் சுருளையே எடுத்து விளக்கு மேசையில் விரித்தார்கள். நூறு வருடம் தகரப் பெட்டிக்குள் கிடந்த சுருள். அவளுடைய கை அதைத் தொட்டதே இல்லை. அதிலும் சுவர்தான் இருந்தது.

வெள்ளிவரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். வெள்ளிக்கிழமை காட்சியில் அன்னா முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் முழுப் படத்தையும் பார்த்தார். விளக்குகள் எரிந்ததும் குமுதினி அவர்முன் போய் நின்றாள்.

“என்னை மன்னியுங்கள். உங்கள் பெரியம்மாவை நான்தான் அழித்தேன்.”

அன்னா விளங்காமல் பார்த்தார். “நீங்கள் எதை அழித்தீர்கள், பிள்ளை? அவர் இந்தப் படத்தில் இருந்ததே இல்லையே. அம்மா மார்செயில் இதை ஏழு தடவை பார்த்தாராம், அக்கா எங்கேயாவது நிற்கிறாரா என்று. ஒவ்வொரு முகமாகத் தேடினாராம். காணவில்லை. அதோடு தேடுவதையே விட்டுவிட்டார். அம்மாவின் கண்ணுக்குத் தப்பியிருக்குமோ என்றுதான் நானும் வந்தேன். இல்லை. அம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.”

குமுதினி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

“அப்படியென்றால்... உங்களை வளர்த்தது?”

“என்னையா? அம்மா போனதும் அநாதை விடுதியில் விட்டார்கள். எனக்கென்று யாரும் இருந்ததில்லை.”

அன்னா அவளுடைய கையை ஆறுதலாகத் தட்டிக்கொடுத்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, ஊபான் சுரங்க ரயில் நிலையத்துப் படிகளில் தனியாக இறங்கிப் போனார்.