அப்பா இல்லாத படம்

படத்தில் அத்தை இருந்தாள். மாலையும் கழுத்துமாக மாமா இருந்தார். சித்தப்பா இருந்தார். நாற்காலியில் அம்மா இருந்தாள், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா இருந்தாள், அம்மாவின் மடியில் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டோடு நான் இருந்தேன். அப்பா இல்லை.

அத்தை கல்யாணத்துக்கு வத்தலக்குண்டிலிருந்து ஸ்டுடியோக்காரரை வரவழைத்துப் பிடித்த படம் அது. சாமி படங்களை விட்டுவிட்டால் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரே படம். கண்ணாடி போட்டு, மரச்சட்டம் அடித்து, தாம்பாளத்தை விடப் பெரிதாக இருக்கும். "நீங்க எங்கப்பா இருக்கீங்க?" என்று கேட்டால், "எல்லாரும் நேரா நிக்கிறாங்களான்னு ஒருத்தன் பாக்கணும்ல? நான் கேமராக்காரர் பக்கத்துல நின்னேன்" என்பார். அது மிகப் பெரிய பொறுப்பு என்று நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் மூன்று பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அப்பா அவ்வளவு பார்த்தும் சித்தப்பா மட்டும் சொன்னபடி நிற்கவில்லை. படம் பிடிக்கிற நொடியில் பந்தியில் இலை போட்டாயிற்று என்று யாரோ கத்த, தலையைத் திருப்பிவிட்டார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு பூச்சுதான் விழுந்திருந்தது. கழுத்துக்குக் கீழே எல்லாம் தெளிவு. கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் மட்டும் வெள்ளை, மற்றவை கறுப்பு. அந்தச் சட்டையைத்தான் பின்னாளில் அப்பா நல்ல நாளுக்குப் போட்டுக்கொள்வார். சித்தப்பா போட்டு அலுத்துப்போய் அப்பாவுக்குக் கொடுத்தது என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். ஊரில் அண்ணன் போட்டதைத் தம்பி போடுவான். எங்கள் வீட்டில் மட்டும் அது ஏன் தலைகீழாக நடந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு ஒன்பது வயது நடந்த வருடம், சித்திரை முடிகிற சமயத்தில், நாங்கள் கொடைக்கானல் போவதென்று ஆயிற்று.

அப்பா அய்யம்பாளையத்தில் ஒரு முதலாளியின் தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கோடையில் ஒருநாள் தோப்பு மோட்டார் நின்றுவிட்டது. திண்டுக்கல்லிலிருந்து மெக்கானிக் வருவதற்குள் அப்பாவே நாள் முழுக்கக் கிணற்றுக்குள் கிடந்து அதை ஓடவைத்துவிட்டார். முதலாளிக்குச் சந்தோஷம். "என்னப்பா வேணும் ஒனக்கு?" என்று கேட்டாராம். அப்பா சம்பளத்தைப் பற்றிப் பேசியிருக்கலாம். "புள்ளைக கொடைக்கானல் பாக்கணும்னு சொல்லுதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மா இரண்டு நாள் அதற்காக அவரோடு சரியாகப் பேசவில்லை. முதலாளிக்கு மலைமேல் ஒரு பங்களா இருந்தது. சீசனுக்கு அந்த வருடம் அவர்கள் போகவில்லை. பின்கட்டு அறையில் இரண்டு நாள் தங்கிக்கொள்ளச் சொல்லி, காவல்காரருக்கு ஒரு கடிதம் கொடுத்தார்.

கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த கணக்குப்பிள்ளை போகிற போக்கில் ஒன்று சொன்னார். "படம் கிடம் இருந்தா கையில வச்சுக்கங்க. நீங்கதான் அந்த ஆளுன்னு காட்டக் கேட்டாலும் கேப்பான். இல்லேன்னாலும் பரவாயில்ல."

இல்லேன்னாலும் பரவாயில்ல என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். கொண்டுபோ என்றால் கொண்டுபோயிருப்போம், வேண்டாம் என்றால் விட்டிருப்போம். அந்த ஒரு வார்த்தையால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் வழக்கு நடந்தது.

"என் மூஞ்சிய நான் வீட்டுல கழட்டி வச்சிட்டா போகப்போறேன்? நான் யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா.

"ஒங்களுக்குத் தெரியும். மலையில இருக்கிறவனுக்குத் தெரியணுமே."

"லெட்டர் இருக்குல்ல."

"லெட்டருல ஒங்க மூக்கா வரைஞ்சிருக்கு?"

சோடாக் கடைக்காரர் கொடைக்கானலுக்கு இரண்டு முறை போய்வந்தவர். அவரிடம் கேட்டோம். மலையில் எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்பார்கள் என்றார். ஏரியில் படகு ஏறுவதற்குக்கூடப் படம் வேண்டுமாம். "எதுக்கு?" என்றாள் அம்மா. "ஆளு முழுகிட்டா யாருன்னு பாக்க வேணாமா?" என்றார் அவர் சாவகாசமாக, கோலியை உள்ளே தள்ளிக்கொண்டே. அன்று சாயங்காலமே அம்மா படத்தைக் கழற்றித் துடைத்துவிட்டாள்.

எனக்கு அந்த ஏரிதான் முக்கியம். படகுக்கென்று அம்மா மூன்று ரூபாயைத் தனியாக முடிந்து வைத்திருந்தாள். அதை வேறு எதற்கும் தொடுவதில்லை என்று எனக்குச் சத்தியம் செய்துகொடுத்திருந்தாள். எங்கள் வகுப்பில் படகில் போனவன் ஒருவனும் கிடையாது.

வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வத்தலக்குண்டு போய், அங்கே மலை பஸ் ஏறினோம். படத்தை வெள்ளை வேட்டியில் சுற்றி என் மடியில் வைத்திருந்தார்கள். படிக்கிற பையன், பத்திரமாக வைத்திருப்பான் என்று அப்பா சொன்னார். கொண்டைஊசி வளைவுகளில் பாதி பஸ் வாந்தி எடுத்தது. நான் எடுக்கவில்லை. படம் இருக்கிறதே என்று அடக்கிக்கொண்டேன். ஒரு வளைவில் வேட்டி விலகிச் சட்டமும் கண்ணாடியும் வெளியே தெரிந்தன. பக்கத்தில் இருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசத் தேத்திக்க தாயி. புள்ளைகளப் பாத்துக் காலத்த ஓட்டு."

"இது யாருக்கும் காரியமில்லக்கா. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

"அப்புறம் எதுக்கு இதத் தூக்கிட்டுப் போறீங்க?"

அம்மா வேட்டியை இழுத்துப் படத்தை மூடினாள். முன் இருக்கையில் அப்பாவின் முதுகு மட்டும் குலுங்கியது. பஸ் குலுங்கியதாலும் இருக்கலாம்.

மேலே போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. ஆனாலும் வெயில் இல்லை. பங்களா வாசலில் காவல்காரர் காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாவும் பழைய கோட்டுமாக உட்கார்ந்திருந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். எழுந்து நின்று ஒரு தடவை படித்தார்.

"புரூஃப் இருக்கா?"

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. ஒரு வார வழக்கின் தீர்ப்பு அதில் இருந்தது.

"தப்பா நெனக்காதீங்க" என்றார் காவல்காரர். "போன சீசன்ல இதே மாதிரி ஒருத்தன் லெட்டர் கொண்டாந்தான். ரெண்டு நாள் தங்கினான், நான் போட்ட காப்பியக் குடிச்சான், போறப்ப ரெண்டு கம்பளியச் சுருட்டிட்டுப் போயிட்டான். முதலாளி என்னையத்தான் வஞ்சாரு. இனிமே புரூஃப் இல்லாம யாரும் கேட்டத் தாண்டக் கூடாதுன்னு ஆர்டர்."

வேட்டியைப் பிரித்துப் படத்தை அவர் நாற்காலியில் சாய்த்து வைத்தோம். அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அம்மாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "சரி. அதே மூக்குத்திதான்." அக்காவின் காதைப் பார்த்தார். "சரி. இந்தக் காது யாருக்கும் வராது." அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, படத்தில் இருந்த கைக்குழந்தையைப் பார்த்து, வெகுநேரம் யோசித்தார்.

"நீ ரொம்ப வளந்துட்டியே தம்பி."

"ஒம்பது வயசாச்சுங்க" என்றேன்.

"சரி, அம்மா மடியில வேற யாரு இருக்கப்போறா." என்னையும் ஒப்புக்கொண்டார். "இப்ப நீங்க வாங்க."

அப்பா முன்னால் வந்து நின்றார். காவல்காரரின் விரல் படத்தில் மாமாவைத் தொட்டது, தாண்டியது, புகையடித்த முகத்தில் வந்து நின்றது. அங்கிருந்து கீழே இறங்கிச் சட்டையைத் தொட்டது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அதே கட்டம், அதே பை, மேலே அதே ஒற்றை வெள்ளைப் பொத்தான். அப்பா அன்று அதைத்தான் போட்டிருந்தார்.

"மூஞ்சி சரியா விழல. இருந்தாலும் சட்டை நல்லாத் தெரியுது. நீங்கதான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மூட்டையைத் தூக்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், சிலேட்டை உடைத்தது நான்தான் என்று உண்மையைச் சொன்னதற்காக வாத்தியார் எனக்குச் சிவப்பும் நீலமுமான பென்சில் ஒன்று பரிசு கொடுத்திருந்தார். உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்பதற்கு என் பையிலேயே அத்தாட்சி இருந்தது.

"அது எங்க சித்தப்பாங்க" என்றேன் தெளிவாக. "எங்கப்பா இந்தப் படத்துல இல்ல. சித்தப்பா இலை போட்டாச்சுன்னு தலையத் திருப்பிட்டாரு. அதான் அப்பிடி."

அக்கா என் தொடையில் கிள்ளினாள். காவல்காரர் அப்பாவையே பார்த்தார்.

"பய பொய் சொல்ல மாட்டான்" என்றார் அப்பா. எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம், அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைதான் இருந்தது. "படிக்கிற பய. அது நான் இல்லீங்க."

"அப்ப நீங்க யாரு?"

"இவங்களுக்கு அப்பா."

"அத நீங்க சொல்றீங்க. படம் சொல்லலியே." அவர் கடிதத்தை மறுபடி விரித்தார். "நம் தோட்டத்து ஆளும் அவன் குடும்பமும்னு எழுதியிருக்கு. குடும்பம் சரி. புரூஃப் இருக்கு, உள்ள போகலாம். ஆளுதான் யாருன்னு தெரியல."

"ஆளு இருந்தாத்தானங்க குடும்பம்?"

"எனக்கும் அப்பிடித்தான் தோணுது. ஆனா ஆர்டர்."

அப்பா வாசலிலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருக்கத் தயாரானார். "நீங்க போங்க. எனக்குக் குளுரு ஒண்ணும் செய்யாது" என்றார், பல் தந்தியடிக்க. அம்மா மூட்டையைக் கீழே வைத்துவிட்டாள். அவர் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன், அடுத்த பஸ்ஸுக்கே இறங்கிவிடுவோம் என்றாள். நான் இன்னும் ஏரியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

காவல்காரருக்கும் எங்களை அனுப்ப மனசில்லை. எங்களுக்குச் சுடச்சுடக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வெகுநேரம் யோசித்து ஒரு வழி சொன்னார். குடும்பம் யாரென்று உறுதியாகிவிட்டது. அந்தக் குடும்பத்தோடு இவரும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு படம் இருந்துவிட்டால் போதும், அவர் விட்டுவிடுவார். "ஏரிக்கரையில பெட்டி கேமராக்காரர் இருக்காரு. அரை மணியில கையில குடுத்துருவாரு. வெரசாப் போயிட்டு வாங்க."

"இங்க கண்ணு முன்னாலயே சேந்துதான நிக்கிறோம்?" என்றாள் அம்மா.

"நிக்கிறீங்க. முதலாளி கேட்டா நான் எதக் காட்டுறது?"

ஏரியை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான், அப்பாவை அப்பா என்று நிரூபிக்கப் போகிற வழியில். தண்ணீர்மேல் பனி நகர்ந்துகொண்டிருந்தது. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கரையில் மூன்று கால் பெட்டி, அதன் பின்னால் கறுப்புத் துணி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், இவற்றோடு படக்காரர் நின்றிருந்தார். கூலியைச் சொன்னார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். எது அந்த முடிச்சு என்று எனக்குத் தெரியும்.

"அது படகுக் காசு" என்றேன்.

அம்மா அதிலிருந்தே எடுத்துப் படக்காரரிடம் கொடுத்தாள். நான் உண்மையைச் சொன்னதற்கு அன்று கிடைத்த இரண்டாவது பலன் அது.

அப்பா எங்கள் மூவரையும் நிறுத்தினார். அக்காவின் தாவணியை, இல்லை, அப்போது பாவாடை சட்டைதான், அதைச் சரிசெய்தார். என் தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வைத்தார். பிறகு நேரே போய்ப் படக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, "பய கொஞ்சம் எடது பக்கம் சாயுறான்" என்றார்.

"நீங்க ஏங்க இங்க நிக்கிறீங்க? அங்க போங்க."

அப்பா அசடு வழிய எங்கள் பக்கம் வந்தார். அம்மா அவருடைய அந்த வெள்ளைப் பொத்தானை மாட்டிவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "இந்தத் தடவையாச்சும் சட்டைய யாருக்கும் கழட்டிக் குடுத்துறாதீங்க."

குளிருக்காகச் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆடக் கூடாது என்று படக்காரர் சொன்னதும் அப்பா மூச்சையே பிடித்துக்கொண்டார். கண் பிதுங்கியது. "மூச்சு விடலாங்க, இன்னும் நான் ஆரம்பிக்கல" என்றார் படக்காரர். "விட்டா ஆடிருமேங்க" என்றார் அப்பா, மூச்சு விடாமலே. அந்தப் படத்தில் அவர் முகம் அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது. யாரோ பின்னாலிருந்து பயமுறுத்தியது போன்ற முகம். எங்களுக்குப் பின்னால் ஏரியில் ஒரு படகு. அதில் எவர் வீட்டுப் பையனோ கையை ஆட்டிக்கொண்டு போகிறான்.

ஈரம் காயாத படத்தைக் காவல்காரர் இரண்டு விரலால் பிடித்து, பெரிய படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், அக்காவின் காதைப் பார்த்தார், கடைசியாக அப்பாவை.

"ரெண்டுலயும் அதே சட்டை."

"ஆமாங்க" என்றார் அப்பா. "சட்டை அதேதான்."

"உள்ள போங்க."

சட்டை முதலில் யாருடையது, கல்யாணத்தன்று அதைக் கழற்றிக் கொடுத்தவர் ஏன் படக்காரர் பக்கம் போய் நின்றுகொண்டார் என்பதெல்லாம் எனக்குப் பிடிபடப் பல வருடம் ஆயிற்று. போன மாதம் வேலை மனுவில் ஒட்டப் படம் வேண்டுமென்று ஸ்டுடியோவுக்குப் போய், அங்கே மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் என் சொந்தச் சட்டையின் காலரை இழுத்துவிட்டபோதுதான் ஏரிக்கரையில் அம்மா சொன்னது முழுதாகக் காதில் விழுந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கு மட்டும்தான். படத்துக்கு இரண்டு ரூபாய், மடங்காமல் வைக்க ஒரு அட்டைக்கு நாலணா. மீதி முக்கால் ரூபாய்க்குப் படகு வராது என்று மலை இறங்குகிற அன்று பிளம்ஸ் பழம் வாங்கித் தந்தார்கள். அதைத் தின்றுகொண்டே, வத்தலக்குண்டு வந்து சேரும்வரை நான் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த இரண்டேகால் ரூபாய்க்காக.