இராமதாஸ் வளர்த்த மண்மேடு

இராமதாஸைக் கெட்டிக்காரன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் மண்ணைத் திருடியவன். அதுவும் சொந்தத் தம்பி வீட்டுக்கு அடியிலிருந்து.

தேங்காய்த்திட்டுக் கழிமுகத்தில் இருபது வருடமாகப் படகு ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாதா? இராமதாஸ் பஞ்சாலையில் சாயப் பிரிவில் இருந்தவன். ஆலையை மூடியதும் அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள். கரையிலிருந்த வீடு இளையவன் ஜானகிராமனுக்கு. மூத்தவனுக்கு எதிரே தண்ணீர் நடுவில் கிடந்த சேற்றுமேடு. கடல் ஏறினால் அதுவும் முழுகிவிடும். "அண்ணனுக்கு நண்டு வளை கெடச்சிருக்கு" என்று ஜானகிராமன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். இராமதாஸ் அதை மறக்கவில்லை.

ஆலையில் சாயக்கழிவுத் தொட்டிக்குக் குறுக்கே பலகை வைப்பார்களாம். பலகைக்குப் பின்னால் தண்ணீர் வேகம் குறையும், கசடு அடியில் தங்கும். அதே வேலையை இங்கே செய்தான். ஆறு வந்து முட்டும் மேட்டின் தலைமாட்டில் சவுக்குக் கம்புகளைச் சாய்வாக நட்டு, தென்னை ஓலை பின்னினான். கம்பு ஏற்றி வந்தது என் படகுதான். சம்மட்டி பிடித்தது யார் தெரியுமா? ஜானகிராமனேதான்! ஞாயிற்றுக்கிழமைதோறும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அண்ணனுக்காக அடித்தான் அந்த அப்பாவி.

மூன்று மழைக்காலத்தில் மேடு முழுகாத அளவுக்கு உயர்ந்தது. வால்பக்கம் நீண்டது. தென்னங்கன்று வைத்தான். ஆனால் தண்ணீர் எங்காவது போகத்தானே வேண்டும்? கம்பில் முட்டியதெல்லாம் திரும்பிக் கரைப்பக்கம் பாய்ந்து ஜானகிராமன் கொல்லையை அரித்தது. முதலில் முருங்கை மரம் போனது. அப்புறம் துவைக்கிற கல். அப்புறம் கக்கூஸ்.

ஜானகிராமன் மனைவி அமிர்தவல்லி என் படகில் மேட்டுக்கு வந்து இராமதாஸ் காலில் விழுந்தாள்.

"மாமா, ரெண்டே வரிசை கம்ப புடுங்கிடுங்க. சமையக்கட்டு செவுரு வெடிச்சிப் போச்சி."

"ஒம் புருசன் அடிச்ச கம்புதானேம்மா? அவனையே புடுங்கச் சொல்லு."

ஜானகிராமன் போய் இழுத்துப் பார்த்தான். அவன் அடித்த அடி அப்படி. சேறு வேறு மூடியிருந்தது, ஒன்றும் அசையவில்லை. நானும் ஒரு கை கொடுத்திருந்தால் அசைந்திருக்கும். சுற்றுலா வருகிறவர்களை அந்த மேட்டில் இறக்க இராமதாஸ் எனக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தான். நான் படகைவிட்டு இறங்கவில்லை.

ஐப்பசியில் ஆற்றுக்கு மேலே இருக்கும் வீடூர் அணையைத் திறந்தார்கள். மத்தியானத்துக்குள் பாதி வீடு ஆற்றில் கிடந்தது.

வெள்ளம் வடிந்ததும் ஜானகிராமன் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு ஒரு தகரப் பெட்டியோடு என் படகில் ஏறினான். மேட்டோரம் போனதும் கெஞ்சினான்.

"அண்ணே, ஒரு கொட்டாய் போட்டுக்கறோம். எங்க ஊட்டு மண்ணுதான இங்க வந்து கெடக்கு?"

இராமதாஸ் அவர்களை இறங்கவே விடவில்லை. "மண்ணு வந்துடுச்சில்ல? அது போதும். நீ வராத."

அமிர்தவல்லி வாய்விட்டு அழுதாள். நான் படகைத் திருப்பினேன். பின்னாலிருந்து இராமதாஸ் கூப்பிட்டான்.

"வெள்ளத்துல பின்னலு பிஞ்சிருக்கு. நாளைக்கு நாப்பது ஓலை ஏத்திட்டு வா."

மறுநாள் ஏற்றிக்கொண்டுதான் போனேன்.