முனிரத்தினம் சாரின் பழவேற்காட்டு ஞாயிறு

சத்தியவேட்டிலிருந்து கணக்கு வாத்தியார் பஸ் ஏறி வந்து, பொன்னேரியில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றார். "முனிரத்தினம் பூட்டாருய்யா" என்றார். வகுப்பை விட்டு வெளியே வந்து, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

சத்தியவேட்டுப் பள்ளியில் அவர் பூகோள ஆசிரியர், நான் தமிழாசிரியர். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போவார். "மொதல்ல வயிறு, அப்பறம் வரலாறு" என்பது அவர் சட்டம். ஏரிக்கரையில் எல்லம்மா என்ற அம்மாள் கையால் நண்டுக் குழம்பு, இறால் வறுவல். அதற்குப் பிறகுதான் டச்சுக்காரர் கல்லறை. வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைக் காட்டி, "இவங்க ரெண்டு பேரும் துன்னாம வந்தவங்க" என்பார். வெயில் தாழ்ந்ததும் படகில் முகத்துவாரம் வரை போய் வருவோம்.

எல்லைத் தகராறு முற்றிய வருஷம் நான் அவருக்குச் செய்ததை மறைக்கப் போவதில்லை. ஆந்திர ராஜ்யம் பிரிந்தபின், சத்தியவேடு எந்தப் பக்கம் என்று ஊரே இரண்டுபட்டிருந்தது. சென்னையோடுதான் இருக்க வேண்டும் என்று கூட்டம் போட்டு நான் மேடையேறினேன். அவர் வரவில்லை. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு என்று வளர்ந்தவர். "எந்தப் பக்கம் போட்டாலும் நான் இங்கதான் பூகோளம் சொல்லிக்கினு இருப்பேன்" என்றார். கைதட்டல் மயக்கத்தில் அவர் பேரைச் சொல்லி, "இரண்டு பந்தியிலும் கை நனைக்கிறவர்" என்றேன். கூட்டம் சிரித்தது. அன்றோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அந்த வருஷம் அவர் இல்லாமல், பழவேற்காட்டுப் பயணத்துக்கு நானே தலைமை தாங்கினேன். ஊரைச் சுற்றிக் காட்டுவது என்ன பெரிய வித்தை என்ற திமிர். உச்சி வெயிலில் கல்லறையைக் காட்டினேன். படகுக்காரர் யாரும் அகப்படவில்லை. பன்னிரண்டு பேரும் பசியோடு எல்லம்மா வாசலில் போய் நின்றோம். அடுப்பு அணைந்திருந்தது.

"இன்னா சார், திடுதிப்புனு வந்து நிக்கிறீங்க? அந்தப் பூகோள சாரு ஒங்க ஊரு சந்தைக்கு வர்ற கருவாட்டுக்காரங்க கிட்ட முன்னாடியே சொல்லி அனுப்பிடுவாரே. இது இன்னா ஓட்டலா? என் வூடு."

அத்தனை வருஷமும் அதை ஓட்டல் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அவர் முகத்துக்காகத்தான் அந்த அம்மாள் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறாள். பொரிகடலை வாங்கித் தின்றுவிட்டு ஊர் திரும்பினோம்.

மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். "மேடையில நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாலயும் சொல்றேன்" என்றேன்.

"அது கெடக்கட்டும். நேத்து இன்னா துன்னீங்க?"

"பொரிகடலை."

"பன்னெண்டு பேரப் பட்டினி போட்டியே, பாவி!" என்று கத்தினார். தனக்கு நேர்ந்த அவமானத்துக்கு ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர், அதற்குக் கோபப்பட்டார். அன்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் நிமிரவில்லை, பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

எல்லை முடிவாகிச் சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. அவர் அங்கேயே இருந்தார். நான் மாற்றல் வாங்கிக்கொண்டு பொன்னேரிக்கு வந்துவிட்டேன். இனி அவரோடு ஒட்டு உறவு இல்லை என்றே நினைத்தேன். தை மாதம் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "வருகிற ஞாயிறு. எல்லம்மாவிடம் உன்னையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்."

போனேன். பந்தி தொடங்கியிருந்தது. தன் வலது பக்கத்து இலையில் யாரையும் உட்கார விடாமல் கையால் மறித்துக்கொண்டிருந்தார். "இப்பிடி உக்காருய்யா" என்றார். ஒரு நண்டை உடைத்து என் இலையில் வைத்தார்.

மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதே இல்லை. போன தை வரை அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததும் இல்லை. அவரோடு பழகிய உங்களுக்கு அவரிடமிருந்து எவ்வளவோ கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்தது அவருடைய வலது பக்கம். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.