கிராம்புத் தைலமும் கல்யாணப் பெண்ணும்

போன வாரம் என் தங்கை கலாவுக்குக் கல்யாணம். கம்பைநல்லூரில் எங்கள் வீடு இரண்டாகிவிட்டது. ஒரு பாதியில் பந்தல், மறு பாதியில் சத்தம்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, நலங்குச் சாமான்களோடு பாப்பாரப்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மஞ்சள், குங்குமம், பூ, புடவை... எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கால் லிட்டர் கண்ணாடி பாட்டில். மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாள் தன் கையாலேயே தயாரித்த நலங்கு எண்ணெய்.

மூடியைத் திறந்ததுமே கிராம்பு வாசனை வாசலில் நின்ற எங்கள் சமையல்காரரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பிரியாணி நம்ம மெனுவிலேயே இல்லையே என்று அவருக்குக் கவலை.

"வா கண்ணு, முகத்துல கொஞ்சம் தேய்ச்சு வுடறேன். பளபளன்னு ஆயிடும்" என்றார் ராஜம்மாள்.

சுற்றிலும் இரண்டு வீட்டுப் பெண்கள். கலா பாயில் உட்கார்ந்திருந்தாள். கையைக் காட்டி மெதுவாகத் தடுத்தாள்.

"அத்தை, இதுல கிராம்பு எவ்ளோங்க ஊத்துனீங்க?"

அவ்வளவுதான். கல்யாணப் பெண் மாமியாரிடம் கணக்குக் கேட்கலாமா? என் அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

கலா எதற்காகக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அவள் வீட்டிலேயே குளியல் எண்ணெய் கலக்குகிறாள். தெருவில் பாதிப் பேர் அவளிடம்தான் வாங்கிப்போவார்கள். அவளுக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. நூறு மில்லி நல்லெண்ணெய்க்குச் சந்தனத் தைலம் என்றால் இருபது சொட்டு. கிராம்பு என்றால் பத்து, அதற்கு மேல் கிடையாது. புதிதாக எது கலந்தாலும் முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பார்ப்பாள். ஒரு ராத்திரி தாண்டினால்தான் பாஸ்!

"கடையில வாங்குன சுத்தமான தைலம். இந்த பாட்டிலுக்கு ரெண்டு ஸ்பூன். எல்லாத்துலயும் ஒஸ்தி. ஏன், எங்கூட்டு எண்ணெய் உன்னைக் கடிச்சிடுமா?" ராஜம்மாளின் குரல் உயர்ந்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. மொதல்ல கையில தடவிப் பாத்துக்கறேனுங்க. மொகத்துக்கு அப்பறம் வெச்சுக்கலாம்."

"உன் கையில மட்டும் எதுக்கு? என் கையிலயும் தடவு. பாத்துடலாம்!"

அப்புறம் நடந்ததை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். காபி வந்தது. யாரும் குடிக்கவில்லை. "இதுக்குத்தான் பொண்ணுங்களுக்கு அதிகமா இடம் குடுக்கக்கூடாது" என்று எங்கள் பக்கத்துச் சொந்தமே முணுமுணுத்தது. இந்தக் கல்யாணம் நடக்குமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அரை மணி போயிருக்கும். கலாவின் கையில் காலணா அளவுக்குச் சிவப்பு. அவள் வாயைத் திறப்பதற்குள் ராஜம்மாள் தன் கையைப் பரபரவென்று துடைக்க ஆரம்பித்தார்.

"எரியுது புள்ள..."

அந்த அம்மாளின் கண்ணில் தண்ணீர். எரிச்சலால் அல்ல. "பாத்துப் பாத்துப் பண்ணினேனே. இதைப் போயி உன் மொகத்துல தேய்க்க இருந்தேனே" என்றார்.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன்? ஜெயித்துவிட்ட சிரிப்பு ஒன்று சிரித்திருப்பேன். கலா சிரிக்கவில்லை. இரண்டு பேர் கையையும் துணியால் ஒற்றி, சோப்பு போட்டுக் கழுவினாள். பிறகு சொன்னாள்:

"வாசனை அருமையாத்தானுங்க இருக்குது அத்தை. கிராம்பு மேல தப்பில்லை. நல்லெண்ணெய்தான் பத்தலை."

அம்மா சமையலறைக்கு ஓடினாள். நல்லெண்ணெய் டின் வந்தது. ராஜம்மாளின் எண்ணெய் ஒரு பங்கு, நல்லெண்ணெய் ஒன்பது பங்கு. ராஜம்மாள் ஊற்ற, கலா கலக்க... இப்போது வாசனை அடக்கமாக, அழகாக வந்தது. இருவரும் மற்றொரு கையில் தடவிக்கொண்டார்கள். ராஜம்மாள் அன்றிரவு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

காலையில் பல் தேய்க்கும் முன்பே கலாவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தன் கையையும் பார்த்தார். இரண்டும் சுத்தம்!

அன்றைய நலங்கில் அந்த எண்ணெய் கலாவுக்கு மட்டுமல்ல, வந்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கிடைத்தது. ஒரு பாட்டில்தான் பத்தாகிவிட்டதே! இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி குழந்தைக்கும் கொஞ்சம் கேட்டபோது, கலாவுக்கு முன்பே ராஜம்மாள் குறுக்கிட்டார். "கொழந்தைக்கு இதெல்லாம் வேணாம்மா. வெறும் நல்லெண்ணெய் போதும். என்ன கலா, சரிதானே?"

மணமேடையில் தன் சொந்தக்காரர்களுக்கு மருமகளை அவர் எப்படி அறிமுகம் செய்தார் தெரியுமா? "நல்லா கேளுங்க... இவ தப்புன்னு பட்டா வாயைத் தொறந்து கேப்பா. ஆனா யாரையும் தலைகுனிய வுட மாட்டா. எங்க வூட்டுக்கு இப்படி ஒருத்திதான் வேணும்!"

தங்கையை அனுப்பும்போது அண்ணன்கள் கண் கலங்குவார்களாமே? நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றேன்!