அப்பா தரம் பார்த்த ஃபேன் பெல்ட்

சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், புகை போட்டுக் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிப்பது என் அப்பாவின் வேலை. ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார், மடக்குவார், முகர்வார். கழித்துப் போட்டால் போட்டதுதான். மானேஜரே வந்து கேட்டாலும் அது திரும்ப நல்ல குவியலுக்கு ஏறாது. அந்த வீறாப்பில் எங்களுக்கும் பெருமைதான், எங்கள் காரின் ஃபேன் பெல்ட்டுக்கும் அவரே தரம் போட ஆரம்பிக்கும்வரை.

எழுபதுகளின் கடைசியில் வாங்கிய பழைய கார். சாவியைத் திருகியதும் பெல்ட் வீலென்று கத்தும். அந்தச் சத்தத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து அக்காமார் எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

"அண்ணே, பீடோங்குக்கா? ஒரு கட்டு வெத்தல வாங்கியாங்க."

"எனக்கு ஊதா நூலு லா, மறந்துறாதீங்க."

அப்பா ஒருவரிடமும் முடியாது என்று சொன்னதில்லை.

பீடோங் டவுன் ஒர்க்‌ஷாப்பின் சீன முதலாளி பெல்ட்டின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். குறுக்கே கோடு கோடாக வெடிப்பு. ஓரமெல்லாம் தேய்ந்து பளபளத்தது. "சூடா ஹாபிஸ், அண்ணே," என்றார். முடிந்துபோனது, மாற்று என்று அர்த்தம். அறுந்தால் காற்றாடி நிற்கும், தண்ணீர் கொதிக்கும், கார் நடுரோட்டில் படுத்துவிடும் என்றும் மலாயில் பொறுமையாகச் சொன்னார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மூணு தலைமுறையா ரப்பர்ல வாழ்றோம். எனக்கே ரப்பர் பாடம் எடுக்குறான்!" என்று வீடு வரை புலம்பிக்கொண்டு வந்தவர், பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார், குனிந்து முகர்ந்தார். "இன்னும் ஒரு வருஷம் தாங்கும்," என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

வேறு சமயமாக இருந்தால் எப்படியோ போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம், அதுவும் அலோர் ஸ்டார் தாண்டி ஜித்ராவில், மாப்பிள்ளை வீட்டார் போகும் கிறிஸ்தவக் கோயிலில். அங்குள்ள போதகர் நேரத்தில் மகா கண்டிப்பு. தாமதமாக வந்த ஒரு மணப்பெண்ணை, அடுத்திருந்த ஞானஸ்நானம் முடியும்வரை வெளியே உட்காரவைத்தவர். வெள்ளைப் பட்டும் முக்காடுமாக நான் வயலோரத்தில் கொதிக்கும் காருக்குப் பக்கத்தில் நிற்பது போல் நினைத்துப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெல்ட்ட மாத்தலன்னா நான் கார்ல ஏற மாட்டேன்ப்பா."

"அப்ப ரப்பர் லோரியில போ."

சரி, அப்படியா என்று நினைத்துக்கொண்டேன்.

விடுமுறை நாளில் சொந்தக்காரர்கள் கூடினால் அப்பா ஒரு வித்தை காட்டுவார். துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் தரும் ரப்பர் துண்டுகளைத் தொட்டும் முகர்ந்துமே தரம் சொல்வார். அடுத்து வந்த விடுமுறையில் நான் அண்ணனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். அவன் பெல்ட்டைக் கழற்றி, உள்பக்க ரப்பரில் விரல் நீளத்துக்குச் சீவித் தந்தான். எண்ணெய் நாற்றம் போக அதைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

"இனிமே இத மாட்ட முடியாதே!" என்று அண்ணன் பயந்தான்.

"அது முடிஞ்ச கத. இப்ப அப்பா வாயால வரணும்."

அப்பா முதல் இரண்டு துண்டுகளுக்குச் சரியாகத் தரம் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். மூன்றாவதாகப் பெல்ட் துண்டை நீட்டினேன். மடக்கினார். அது ஓரத்தில் பொருபொருவென்று உதிர்ந்தது.

"எவன்டா இத இவ்வளவு நாள் வச்சிருந்தது? செத்துப்போன ரப்பர். தூக்கி எறி!"

பெரியப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு பீறிட்டது. துண்டை அவிழ்த்த அப்பா, கையிலிருந்ததைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அண்ணனின் கறுத்த விரல்களைப் பார்த்தார். "கழிச்சது கழிச்சதுதான்," என்று எழுந்து, அண்ணனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பீடோங்குக்குப் போனார்.

கல்யாணத்தன்று காலை கார் சத்தமே இல்லாமல் கிளம்பியது. ஓடுகிறதா என்று அப்பா ஒருமுறை இறங்கியே பார்த்தார். லயத்தைக் கடந்தோம். ஒரு வாசலிலும் ஆளில்லை. அந்த வீலென்ற சத்தம் வரட்டும் என்று எல்லாரும் உள்ளேயே காத்திருந்திருக்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்த இடத்தைவிட்டு யாருக்கும் தெரியாமல் போகிறேன் என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசி வீட்டருகே அப்பா காரை நிறுத்தினார்.

"சத்தத்த நிப்பாட்டுனது நீதானே. ஹாரன நீயே அடி."

"நேரமாகுதுப்பா, போதகர்..."

"புது பெல்ட் லா. ஓட்டிக் காட்டுறேன்."

முக்காடு அவர் காதில் மாட்ட, பின்சீட்டிலிருந்து எக்கி ஹாரனை அமுக்கினேன். கதவுகள் திறந்தன. ஓர் அக்கா அகப்பையோடு ஓடிவந்தார். "என்னடி, திருட்டுத்தனமா போற?" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

அப்பா வழக்கம்போல ஜன்னலில் தலையை நீட்டி, "ஜித்ராவுக்குப் போறோம். யாருக்காச்சும் எதாச்சும் வேணுமா?" என்றார்.

"இவள மட்டும் திருப்பிக் கூட்டியாங்க அண்ணே."

அப்பா காரை எடுத்தார். போதகர் கதவைத் திறப்பதற்கு முன்பே நாங்கள் கோயில் வாசலில் நின்றோம். வழியெல்லாம் புது பெல்ட் மூச்சுக் காட்டவில்லை. அப்பாவும்தான்.